பழைய இரும்பு, 900 கிலோ

ஒபெர்னேயில் காலையிலிருந்து மழை.
வெர்னெர்ட் கார் கம்பெனியின் மிச்சம்
நகராட்சிக் கட்டடத்து மூன்றாம் மாடியில்
பதினொரு அட்டைப்பெட்டிகள்.
நான் ஜெனீவாவிலிருந்து வருகிறேன்.
ஏலத்துக்கு வரும் கார்களுக்குச் சாதகம் பார்ப்பது தொழில்.
பொய்க்குத்தான் எனக்குச் சம்பளம்,
கண்டுபிடித்தால்.

முதல் ஏடு ஜெர்மனில்.
1909, முதலாளி எமில்.
எல்லைக்கோடு நகர்ந்த பிறகு
அதே மனிதர் பிரெஞ்சில் எமீல்.
ஒரு மேல்விலங்கு, அதில் ஒரு சுழி,
அவ்வளவுதான் ஒரு யுத்தம் எழுத்துக்குச் செய்தது.

1921 முதல் எல்லா ஏட்டிலும் ஒரே கையெழுத்து.
மெலானி ஷ்டோல்.
ஏழின் இடுப்பில் கோடு இழுப்பவள்.
எட்டு சிலிண்டர், நீலம், லியோன் நகர மருத்துவருக்கு;
பணம் வரவில்லை.
எட்டு சிலிண்டர், நீலம், பெயர் வேண்டாமென்ற சீமாட்டிக்கு;
பணம் அன்றே வந்தது.
பந்தயக் கோப்பைகளை அவள்
'வெள்ளி, கிராம்' என்ற பத்தியில் எழுதினாள்.

1931. வோஜ் மலைப் பந்தயம்.
ஓட்டியவர் லூசியன் ஹாப்.
திரும்பி வந்தவை:
ஸ்டியரிங் சக்கரம் ஒன்று,
தோல் கையுறை ஒன்று, இடது.
சக்கரத்தைப் பழுதுபார்க்க அனுப்பினாள்.
கையுறையைக் கையிருப்பில் வைத்தாள்.
அடுத்த வருடக் கணக்கெடுப்பில்:
கையுறை, இடது, 1. மதிப்பு 0.
அதற்கடுத்த வருடமும்.
ஆணிகளுக்கும் ஆரக்கால்களுக்கும் நடுவே
எட்டு டிசம்பர்கள் அதை எண்ணியிருக்கிறாள்.

1940இல் ஏடு மறுபடி ஜெர்மன் பேசுகிறது.
பட்டறையில் இருப்பதையெல்லாம் எழுதித்தரச் சொல்கிறது ராணுவம்.
கடைசல் இயந்திரம் முப்பத்தொன்று.
முடிந்த கார்கள் மூன்று.
நான்காவதைக் காணோம்.
கையுறையையும் காணோம்.
பக்கத்தின் அடியில், எல்லா வரியையும் போல நிதானமாக:
பழைய இரும்பு, 900 கிலோ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
முட்டைக்கோஸில் மறைக்கலாம்.
பெயரிலேயே முட்டைக்கோஸ் உள்ள ஊர் ஒன்று பக்கத்தில் இருக்கிறது;
அங்கே அவள் அக்கா புருஷனின் களஞ்சியம்.
நாலு குளிர்காலம்.
இருக்கைக்குள் குதிரைமயிரில் எலிகள் குடும்பம் நடத்தின.
இன்றும் எஞ்சின் சூடானால் லேசாகப் புளித்த வாடை.
போன வாரம் ஓட்டிப் பார்த்த கோடீஸ்வரர்
பழைய எண்ணெயின் மணம் என்று கண்ணை மூடி ரசித்தார்.
நான் திருத்தவில்லை.

1945. பிரெஞ்சு திரும்பிவிட்டது.
இரும்பு திரும்பக் காரான வரியைத் தேடினேன்.
இல்லை.
கம்பெனி நீர் இறைக்கும் பம்பு செய்தது,
பிறகு தையல் இயந்திர மிதி,
பிறகு ஒன்றும் செய்யவில்லை.
1951, கடைசி ஏடு, கடைசிப் பக்கம்:
பதினான்கு மாதச் சம்பள பாக்கிக்கு ஈடாக
மெலானி ஷ்டோலுக்கு
பழைய இரும்பு, 900 கிலோ.
பெற்றுக்கொண்டேன், மெலானி ஷ்டோல்.
கொடுத்தவளும் அவளே, பெற்றவளும் அவளே,
நடுவில் எமீலின் நடுங்கும் கையொப்பம்.

அவருக்குத் தெரியுமா?
கேள்வி அதுதான்.
எமீலின் கொள்ளுப்பேரனுக்கு இரண்டு வக்கீல்கள்.
விற்றது இரும்பு, கார் அல்ல என்கிறார்கள்.
காயிலாங்கடைக்குப் போக வேண்டியது
கண்ணாடி மண்டபத்துக்கு வந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.
ஏல அறைக்கு என் ஒரு வரி போதும்:
ஆவணம் மெய்யா பொய்யா.

நேற்றுதான் காரைத் தராசில் ஏற்றினோம்.
தொள்ளாயிரத்துப் பதினேழு.
பெட்ரோலை வடித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன்.
தொள்ளாயிரம்.

ஐந்து மணி. பெட்டிகளைக் கேட்கிறாள் காப்பாளர்.
நகலுக்கு நாலு யூரோ இருபது.
ரசீதில் என்ன எழுதட்டும் என்கிறாள்.
காகிதம், இரண்டு என்றேன்.